வெந்நீர் ஊற்றில் நல்லெண்ணெய்

ஜப்பான்காரர்கள் வாசலுக்கு வாசல் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால், என் அத்தான் பெருவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கமாட்டார். சத்திரத்து வாசலில் ஓர் அம்மாள் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி எங்களை வணங்குகிறாள். அவள் தலை நிமிர்ந்ததும் கண்ணுக்கு நேரே அத்தானின் பெருவிரல்.

"மாப்ளே, மானம் கப்பலேறிப் போச்சு" என்றார் அத்தான்.

"போனா போகட்டும், மொதல்ல உள்ள வாங்க அத்தான், குளுரு கொல்லுது" என்றேன்.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன் சங்கரபாண்டி. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே அவருக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி. கம்பெனி என்று சொல்வது பெருமைக்கு. தகரம் வேய்ந்த நீளக் கொட்டகை ஒன்று, சரக்கு வைக்க ஓர் அறை, வாசலில் வேப்பமரம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் பெரிய கம்பெனிகள் வந்து ஆர்டரையெல்லாம் அள்ளிக்கொண்டு போக, அத்தானுக்கு ஒரே நம்பிக்கை நீலம். வானத்தில் ஏறி, சிவப்பாகப் பூத்து, பூத்த பூ பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும் வாணம் ஒன்றை ஜப்பானில் ஒரு மலையூரில் மொரிதா என்பவர் செய்வதாக யாரோ சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் சிவப்பு வரும், பச்சை வரும். நீலம் மட்டும் வராது, வந்தாலும் சாம்பலாகத்தான் நிற்கும். "வர்ற சீசனுக்கு நீலம் இல்லேன்னா கம்பெனிய இழுத்துப் பூட்டிட்டு பருத்தி போடப் போறேன்" என்று அத்தான் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அவருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. நான் விருதுநகரில் இங்கிலீஷ் வாத்தியார். வாய்க்கு ஓர் ஆள் வேண்டுமே என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு வாயும் நீளம், கோபமும் மூக்குமேல். ஆனாலும் மச்சினன் என்றால் சம்பளம் கேட்கமாட்டான் பாருங்கள்.

கிளம்புகிற அன்று அக்கா என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள். "ஏலே தம்பி, அவரு நீலம் நீலம்னு போறாரு. நீ அங்கன நல்ல அச்சு மிசினு எதையாச்சும் காட்டி, அவரு மனச அதுல திருப்பிக் கூட்டியா. காலண்டர் அடிச்சா யாரு முதுகும் வேகாது" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அக்கா முதுகு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு சித்திரை வெயிலில், மருந்து கலக்கும் மூலையில் தீப் பிடித்தது. வெடிமருந்தைத்தான் எங்கள் ஊரில் வெறுமனே மருந்து என்பார்கள். உள்ளே கருப்பையா என்ற வேலையாள் மாட்டிக்கொண்டார். அத்தான் பாய்ந்துபோய் அவரை இழுத்து வெளியே போட்டார். கருப்பையாவுக்கு வலது கை விரல்கள் போயின, அத்தானுக்கு முதுகு. அதற்குப் பிறகு அத்தான் அக்காவைத் தவிர யார் முன்னாலும் முதுகைக் காட்டியதில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்தபோதுகூடப் பனியனோடுதான் போனார். ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை.

மலையடிவாரம் வரை ரயிலில் வந்து, ரயிலை விட்டுப் பஸ் ஏறினோம். ஸ்டேஷனுக்கே ஓனோ என்பவர் வந்திருந்தார். அவரும் இங்கிலீஷ் வாத்தியார், மொரிதாவின் சிநேகிதர். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் அண்ணன் தம்பிகள்தான், ஆனால் பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பிகள். பாதி வாயால் பேசினோம், பாதி கையால் பேசினோம்.

ஏற்றத்தில் பஸ் பனியில் மாட்டிக்கொண்டு உறுமியது. அங்கே கண்டக்டர் பெண்பிள்ளை. அது கீழே இறங்கி நின்று, தொப்பியைக் கழற்றி, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுத் தள்ளச் சொல்லிக் கேட்டது. கிழவிகள் உட்பட எல்லோரும் இறங்கித் தள்ளினோம். "நம்ம சாத்தூர் பஸ்ஸா இருந்தா, 'சும்மா நிக்கிறீகளே, தள்ளுனா என்ன'ன்னு கண்டக்டர் நம்மளத்தான் வைவான். இந்தப் பிள்ள மன்னிப்புல்ல கேக்குது" என்று அத்தான் இரண்டு கையாலும் முட்டுக் கொடுத்தார். முழங்கால் வரை பனி. பஞ்சுப் பேட்டையில் பொதி அவிழ்ந்த மாதிரி ஊர் முழுக்க வெள்ளை.

பஸ் கிளம்பியதும் பக்கத்துக் கிழவி எங்களைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். என்னவென்று ஓனோவிடம் கேட்டேன். "பாவம், வெயிலில் காய்ந்த பிள்ளைகள், இவர்களை யார் இந்தக் குளிருக்கு அனுப்பினார்கள் என்கிறார்" என்றார். கிழவி ஆளுக்கொரு கமலாப்பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பாரா அத்தான்? பையைத் திறந்து சாத்தூர்க் காராச்சேவில் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். கிழவி ஒரு கடி கடித்தாள். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. போச்சுடா, வெளிநாட்டில் கொலைக் கேசு என்று நான் பதறுகிறேன். கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு பிடிக்குக் கையை நீட்டினாள்.

இப்படியாகச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தோம். இதை ரியோக்கான் என்கிறார்கள். சத்திரம் என்று நான் எழுதுவது வேறு வார்த்தை இல்லாததால்தான்; நம் ஊர்ச் சத்திரத்தில் இப்படி யார் உபசரிப்பார்கள்? மரவீடு, காகிதக் கதவு, கோரைப்பாய் பரப்பிய தரை. பாய் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அறைக்கு நடுவே ஒரு குட்டை மேசை, அதன்மேல் மெத்தை விரிப்பு, அடியில் குழி, குழிக்குள் கரி நெருப்பு. காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார வேண்டுமாம். அத்தான் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், பார்த்த வேகத்தில் கீழே விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

"மேல பஞ்சு, கீழ கங்கு. விளங்குமா இது? நம்ம கம்பெனி வாசல்ல தீப்பெட்டி இருக்கான்னு மடியத் தடவித்தான் ஆள உள்ள விடுறோம். இங்கன நெருப்புமேல உக்காரச் சொல்றாக!"

சத்திரத்து அம்மாள் என்ன சமாதானம் சொல்லியும் அவர் கேட்கவில்லை. தங்கியிருந்த நாளெல்லாம் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரோரமே இருந்தார். நான் சுகமாகக் காலை நீட்டிக்கொண்டேன்.

உடுத்த ஆளுக்கொரு பருத்தி அங்கி கொடுத்தார்கள். அத்தான் அதைப் பனியனுக்கு மேலே போட்டு, வலப்பக்கத்தை மேலே கொண்டுவந்து கட்டிக்கொண்டு கம்பீரமாக வந்தார். சோறு கொண்டுவந்த பெண் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவிழ்த்து, இடப்பக்கம் மேலே வரும்படி மாற்றிக் கட்டிவிட்டாள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவதாம். அத்தான் மிரண்டுவிட்டார். "நம்மூர்லயும் துட்டி வீட்டுல எல்லாத்தையும் மாத்தித்தானே செய்வோம். நல்லவேள, அந்தப் பிள்ள பாத்துச்சு" என்று பையிலிருந்து இருக்கன்குடிக் குங்குமத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள். பொம்மை வீட்டுச் சாமான் மாதிரி குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். ஒன்றில் பச்சை மீன் துண்டங்கள். "மாப்ளே, இது அடுப்பு இருக்கிற தெசையக்கூடப் பாக்கலியே" என்றார் அத்தான். ஓனோவுக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது? "மிகவும் புதிய மீன் என்று வியக்கிறார்" என்று சொல்லிவைத்தேன். சத்திரத்து ஆட்கள் சந்தோஷப்பட்டு இன்னொரு தட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் உப்பில் ஊறிய ஒரு புளிப்புக் காய்தான் எங்களைக் காப்பாற்றியது. நாரத்தங்காய் ஊறுகாய்க்குச் சித்தப்பன் மகன் என்று சொல்லலாம். அதை வைத்து, அக்கா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி, ஒட்டுச்சோற்றைப் பிசைந்து ஒரு பிடி பிடித்தோம்.

எல்லாவற்றையும்விட எங்களை ஆச்சரியப்படுத்தியது தண்ணீர்தான். பூமிக்குள்ளிருந்து ஆவி பறக்க வெந்நீர் தானாக வருகிறது. மூங்கில் குழாய் வழியாகக் குளிக்கும் தொட்டியில் விழுந்து, வழிந்து, இரவும் பகலும் ஆற்றில் போய்ச் சேருகிறது. ஒரு குடத்துக்கு வரிசையில் நின்று பாவாடை தாவணிகள் மல்லுக்கட்டுகிற ஊரிலிருந்து போனவன் அதைப் பார்க்க முடியுமா? "ஐயோ, வீணாப் போகுதே!" என்று அத்தான் நிஜமாகவே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் மொரிதா வந்தார். அத்தான் வயதுதான் இருக்கும். உருண்டை முகம், நரைத்த கிராப்பு, அடக்கமான பேச்சு. அத்தான் நீலத்தைப் பற்றி ஆரம்பித்தார். மொரிதா கையை உயர்த்தினார். ஓனோ எனக்குச் சொன்னார்: "தொழில் பேச்சு அப்புறம் ஆகட்டுமாம். முதலில் நாம் எல்லோரும் சேர்ந்து குளிப்போம் என்கிறார். ஒரே தொட்டியில் இறங்கிய பிறகுதான் அவர் யாரிடமும் மனம்விட்டுப் பேசுவார்."

இங்கே பிறந்த மேனியாகத்தான் குளிக்க வேண்டும். துண்டுகூடத் தண்ணீரில் படக்கூடாது. அத்தான் சட்டையின் முதல் பொத்தானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குச் சளின்னு சொல்லு மாப்ளே."

சொன்னேன். சளிக்கு வெந்நீர்தான் மருந்து என்றார் மொரிதா.

"காச்சல்னு சொல்லு."

காய்ச்சலுக்கும் அதுதானாம்.

"இவரு விடமாட்டாரு போலிருக்கே. எங்க கொலதெய்வத்துக்கு ஆகாதுன்னு சொல்லு."

தெய்வம் என்றதும் மொரிதா தலைகுனிந்து வணங்கிவிட்டுத் தனியாகக் குளிக்கப் போனார். குளித்து, சிவந்துபோய் வந்தார், வணக்கம் சொன்னார், வீட்டுக்குப் போய்விட்டார். நீலம் அவரோடு போயிற்று.

அவர் தலை மறைந்ததும் அத்தான் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, அவரு கையப் பாத்தியா?"

"ஏன், கைக்கு என்ன?"

"ஒரு பொட்டுத் தழும்பு இல்ல. கணக்கப்பிள்ள கை மாதிரி வழவழன்னு இருக்கு. இவரு வெடிக்காரரே இல்ல. யாரோ செய்யிறத வாங்கி விக்கிற ஆளு. நாம ஏமாந்தோம்."

எங்கள் பக்கத்தில் பட்டாசு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். சுட்ட தழும்பு இருந்தால் பழகின ஆள், சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கத்துக்குட்டி. அத்தான் அப்படித்தான் ஆள் எடுத்தார், அவர் அப்பாவும் அப்படித்தான். எனக்கும் மொரிதாமேல் சந்தேகம் தட்டிவிட்டது. இதுதான் சமயம் என்று, "அப்ப விடுங்க அத்தான். ஒசாகாவுல நல்ல அச்சு மிசினெல்லாம் இருக்காம்" என்று மெல்ல எடுத்தேன்.

"ஒங்கக்கா சொல்லிவிட்டாளாக்கும்?" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. பனி இன்னும் கூடியது. காலையிலிருந்தே அத்தான் தோளை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். "குளுருக்குத் தோலு இழுத்துப் பிடிக்குது மாப்ளே. நிமிர முடியல. சனிக்கிழமயும் அதுவுமா எண்ணெ வைக்காம எப்பிடி?" மத்தியானத்துக்கு மேல் குளிக்கும் இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார். நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டார். முதுகுக்குக் கை எட்டாது. ஊரில் அக்கா தேய்ப்பாள். இங்கே நான்தான்.

அவர் பனியனைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த முதுகைப் பார்த்தேன். கோடையில் வெடித்த கண்மாய்த் தரை மாதிரி, மேடும் பள்ளமுமாக, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும். எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சனிக்கிழமை தவறாமல் அக்கா இதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறாளா? காலண்டர் என்று அவள் சொன்னபோது உள்ளுக்குள் சிரித்தேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன மாப்ளே, தூங்கிட்டியா? தேயி" என்றார் அத்தான்.

தேய்த்தேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டார். என்னையும் விடவில்லை. இனி எண்ணெய் ஊற வேண்டுமே! அங்கே கல் தரை, கூரைக்கும் சுவருக்கும் நடுவே திறப்பு, வெளியே பனி. பல் தந்தி அடிக்கிறது. நல்லெண்ணெயே உடம்பில் உறைந்துவிடும்போல இருந்தது. தொட்டியிலோ தளதளவென்று வெந்நீர்.

"அதுக்குள்ள உக்காந்து ஊறுவோம். வெந்நீர்ல ஊறுனா எண்ணெ நல்லா எறங்கும்" என்றார் அத்தான்.

"சுத்தம் பண்ணிட்டுத்தான் தொட்டியில எறங்கணும்னு ஓனோ சொன்னாரே அத்தான்."

"ஏலே, எண்ணெ தேச்சதவிட வேற என்ன சுத்தம்?"

வாத்தியார் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இறங்கினோம். ஆகா, அந்தச் சுகத்தை என்ன சொல்ல! இளகின முதுகோடு அத்தான் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். கண்ணைத் திறந்தபோது தொட்டி முழுக்க எண்ணெய்ப்படலம் வானவில்லாக மின்னிக்கொண்டிருந்தது. ஓரத்து மரப்பலகையில் எண்ணெய் விளிம்பு கட்டியிருந்தது.

இங்கே ஒருவர் குளித்த தண்ணீரை மற்றவருக்காக மாற்றுவதில்லை. எல்லோருக்கும் ஒரே தண்ணீர். அதனால்தான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இறங்குகிறார்கள். சனிக்கிழமை மாலை சத்திரத்தில் தங்கியவர்கள் மட்டுமல்ல, வயலில் பாடுபடும் ஊர்ச் சம்சாரிகளும் வந்து கை கால் வலிக்கு முங்கி எழுவார்கள். இதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. சத்திரத்து அம்மாள் வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். எங்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டிருக்கலாம். அவளோ தரையில் நெற்றி பதித்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். முறையைச் சரியாகச் சொல்லிக்கொடுக்காதது தன் குற்றமாம்.

தொட்டித் தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டார்கள். வாசலில் தோளில் துண்டோடு வந்த ஒரு கிழச் சம்சாரியை, இன்றைக்குக் குளியல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பனியில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவதை அத்தான் பார்த்தார். அவ்வளவுதான். விறுவிறுவென்று அறைக்கு ஓடிப்போய்ச் சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வேலைக்காரியின் கையிலிருந்த தேய்ப்புக் கட்டையைப் பிடுங்கினார். காலி தொட்டிக்குள் குதித்து, இடுப்பில் ஒரு துண்டோடு, சீயக்காயைத் தூவிப் பலகை பலகையாகத் தேய்க்க ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். ஆவேசத்தில் முதுகு வெளியே தெரிகிற நினைப்பே அவருக்கு இல்லை.

வழக்கமான நேரத்துக்கு மொரிதாவும் ஓனோவும் குளிக்க வந்தார்கள். மொரிதா தொட்டியைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், அத்தானின் முதுகைப் பார்த்தார். உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டோடு இன்னொரு கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி எங்களோடு தேய்த்தார்.

அத்தான் கை நின்றது. மொரிதாவின் முதுகு, மார்பு, தோள், கை, கால், எங்கும் ஒரு சூடு இல்லை. பிறந்த பிள்ளை உடம்பு. முழங்காலில் மட்டும் ஒரு பழைய தழும்பு. அத்தான் ஆவலோடு அதைத் தொட்டே விட்டார்: "இது? இது வெடி பட்டதுதானேன்னு கேளு மாப்ளே."

கேட்டேன். மொரிதா சிரித்தார். சின்ன வயதில் பழம் திருடப்போய் மரத்திலிருந்து விழுந்ததாம்.

"அப்ப இவரு மருந்தே கையால தொட்டதில்லையா?"

தாத்தா காலத்திலிருந்து தொட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், தினமும் தொடுகிறேன் என்றார் மொரிதா. பிறகு, "உங்கள் ஊரில் இப்படி எத்தனை பேர்?" என்று முதுகைக் காட்டிக் கேட்டார். அத்தான் கருப்பையா என்று விரலை மடக்கினார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று பேர் சொல்லி மடக்கிக்கொண்டே வந்து, இரண்டாவது கைக்குப் போகும்போது நிறுத்திவிட்டார்.

மொரிதா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். ஓனோவும் தயங்கித்தான் எனக்குச் சொன்னார். "எங்களிடம் வேலை கேட்டு வருபவர் கையில் தழும்பு இருந்தால் சேர்க்க யோசிப்போம். எங்கேயோ அவசரப்பட்டவர் என்று."

இதை அத்தானிடம் சொல்லலாமா வேண்டாமா என்று முழித்தேன். சொன்னேன். அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "நான் அவசரப்பட்டது ஒரு உசிரக் காப்பாத்த! போகாம நின்னிருந்தா கருப்பையா கரிக்கட்டையாயிருப்பான். சொல்லு அவருட்ட!"

சொன்னேன். மொரிதா கட்டையைக் கீழே வைத்தார். அந்த ஈரத் தொட்டிக்குள்ளேயே மண்டியிட்டு, அத்தானின் முதுகுக்கு நேரே தலை தாழ்த்தி வணங்கினார். எழுந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் உள்ளே ஓடியதற்கு என் வணக்கம். ஆனால் அந்தத் தீ ஏன் பிடித்தது?"

யார் கேட்டாலும் வெயில் என்று அத்தான் எப்போதும் சொல்வார், விதி என்பார், ஆத்தா சோதனை என்பார். அன்றைக்கு அதையெல்லாம் விட்டுவிட்டுக் குனிந்து பலகையைத் தேய்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "மாப்ளே, ஒரு சூடு படாம எப்பிடி இருக்காகன்னு கேளு. முழுசாக் கேளு" என்றார்.

தொட்டி மறுபடி நிரம்பியதும் எல்லோரும் இறங்கினோம், சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான். திருப்பி அனுப்பிய கிழவரை ஆள்விட்டுக் கூப்பிட்டு முதலில் அவரை இறங்கச் சொன்னார் அத்தான். எண்ணெய் வழித்த பலகை பளபளவென்றிருந்தது. அந்தச் சீயக்காய் எந்த மரத்தில் காய்க்கும் என்று சத்திரத்து அம்மாள் விசாரித்துக்கொண்டாள்.

மறுநாள் மொரிதா தன் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். கொட்டகை எங்கே என்று தேடினோம். இல்லை. மலைச்சரிவில் கோழிக்கூடு மாதிரி குட்டிக் குட்டி அறைகள், ஒன்றுக்கொன்று தூரமாக, ஒன்றில் பிடித்த தீ மற்றதைத் தொடாதபடி நடுவில் மண்மேடு. ஓர் அறைக்கு ஓர் ஆள், ரொம்பவும் போனால் இரண்டு பேர். ஒரு கையளவு மருந்துதான் உள்ளே. அது முடிந்து சரக்கு வெளியே போனால்தான் அடுத்த கையளவு. இரும்பு ஒரு துண்டு கிடையாது, எல்லாம் மரம். வாசலில் தண்ணீர்த் தொட்டி. கையை நனைத்து, தரையில் பதித்த செப்புத் தகட்டை மிதித்து, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு பெண் நுழைய வந்து, மொரிதாவிடம் ஏதோ சொல்லிவிட்டுக் காகிதம் ஒட்டும் அறைப் பக்கம் போனாள். என்ன என்றேன். காலையில் மாமியாரோடு சண்டையாம். மனம் கலங்கியவர்கள் அன்றைக்கு மருந்தைத் தொடுவதில்லை, அவர்களாகவே வந்து சொல்லிவிடுவார்கள் என்றார் ஓனோ.

"அப்பிடிப் பாத்தா நான் ஒரு நாளும் என் கம்பெனிக்குள்ள கால் வைக்க முடியாது" என்றார் அத்தான். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மொரிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அத்தான் அறைக்கு அறை நடந்து, மண்மேட்டைத் தட்டிப் பார்த்து, தூரத்தைக் காலால் அளந்து, பொழுது சாயும்வரை கேள்வி கேட்டே அவரைக் கொன்றுவிட்டார். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "அத்தான்! நீலத்தக் கேக்க மறந்துட்டீகளே!"

அத்தான் கமலாப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். "மறக்கல" என்றார்.

ஊரில் எங்களை வரவேற்ற விதத்தைச் சொல்ல வேண்டாம். நீலம் எங்கே என்றார்கள். அத்தான் கொட்டகையை இடித்தார், காட்டில் தூரந்தூரமாக அறை கட்டினார், மண்மேடு போட்டார். "சப்பானுக்குப் போயி கோழிக்கூடு கட்டப் படிச்சிட்டு வந்திருக்காரு" என்று சிவகாசி டீக்கடைகளில் சிரித்தார்கள். லோடு பாதியாகக் குறைந்தது. பெரிய கம்பெனிகளோடு போட்டி போடும் ஆசையை அவர் அதோடு விட்டார். நீலம் எங்களுக்கு இன்றுவரை வரவில்லை. அக்கா கேட்ட அச்சு மிசினும் வரவில்லை. அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம், "ஏலே, நீ கொண்டாந்தது இதுவா?" என்றாள். நான் கொண்டுவரவில்லையே, சும்மா மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்.

சென்ற தீபாவளிச் சீசனுக்கு மதுரையிலிருந்து ஒரு புது ஏஜெண்டு ஆர்டர் கொடுக்க வந்தார். நானும் கூட இருந்தேன். ஏஜெண்டு அறை அறையாக எட்டிப் பார்த்து, கடைசியில் திரி செருகிக்கொண்டிருந்த முத்துலட்சுமியின் கையைப் பார்த்தார். முத்துலட்சுமி கருப்பையாவின் மகள். முகம் சுளித்துக்கொண்டு ஏஜெண்டு அத்தான் பக்கம் திரும்பினார்.

"என்ன மொதலாளி, அம்புட்டும் புது ஆளுகளா இருக்கு? ஒருத்தி கையிலயும் ஒரு சூடு இல்ல. சரக்கு தேறுமா?"

"ஏத்தா முத்துலச்சுமி, நீ இங்கன வேலைக்கு வந்து எத்தன தீவாளியாச்சு?" என்றார் அத்தான்.

"இது ஏழாவது, மொதலாளி" என்றாள் அவள், திரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏஜெண்டுக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து மறுபடி பார்த்தார். அவள் கட்டைவிரலோரம் ஒரு சின்னக் கீறல் இருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், "இதோ, இது? இது வெடி பட்டதுதானே?" என்றார்.

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"அது அருவாமனை அண்ணாச்சி" என்றாள் முத்துலட்சுமி. "மீன் நறுக்கையில பட்டுச்சு."